மூன்று பாடாகப் பார்த்த படம்

மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற படம் என்றால் இப்போதெல்லாம் நம் வயதுக்காரர்களே முகம் சுளிக்கிறீர்கள். இடுப்பு வலிக்கிறது, சர்க்கரை மாத்திரைக்கு நேரமாகிறது, கதையை வளவளவென்று இழுத்து வைத்திருக்கிறான் என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறீர்கள். எனக்கும் இடுப்பு வலி உண்டு. இருந்தாலும் நீளமான படத்துக்கு நான் வக்காலத்து வாங்கப் போகிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

சின்னவர்களிடம் இதைச் சொல்லிப் பிரயோஜனமில்லை. என் மகன் படம் பார்க்கும் அழகை நீங்கள் பார்க்க வேண்டும். கட்டைவிரலால் பாட்டைத் தள்ளுவான், அழுகையைத் தள்ளுவான், யாராவது சும்மா நடந்து போனால் அதையும் தள்ளுவான். முக்கால் மணியில் படத்தை முடித்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா இதுல" என்று எழுந்து போய்விடுவான். இருந்ததையெல்லாம் தள்ளிவிட்டால் என்ன மிச்சமிருக்கும் என்று கேட்டால் சிரிப்பான்.

நான் சொல்லவந்த படம் நாலரை மணி நேரம் ஓடும். இரண்டு இடைவேளை. என் பத்து வயதில் அது எங்கள் குப்பத்துக்கு வந்தது. அதை நான் முழுசாகப் பார்த்து முடித்தது போன மாதம்தான். இடையில் நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில், கோட்டைக்குப்பத்தைத் தாண்டிப் போனால் வருகிற சின்னக் குப்பம் எங்களுடையது. அந்த வருஷம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது, விடவே இல்லை. கடலுக்கு யாரும் போகவில்லை. நனைந்த வலையின் வாடை எல்லார் வீட்டுக்குள்ளும் இருந்தது. விறகு எரியாமல் புகைந்தது. பிள்ளைகளின் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண். அந்த மழையில்தான் என் அத்தை, நைனாவின் ஒரே தங்கை, புருஷன் வீட்டை விட்டு வந்து நின்றாள்.

ஏரிக்கு அந்தாண்டைக் கரையில் ஒரு ஊரில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இறால் வாங்கப் போகும் படகில் ஏறித் தனியாக வந்து இறங்கினாள். கையில் ஒரு துணிப்பை மட்டும். தலையில் போட்டிருந்த உரச்சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நைனா என்ன ஏது என்று கேட்டதற்கு, "நான் இனிமே அங்க போவல" என்றாள். ஏன் என்றால், "புடிக்கல." அவ்வளவுதான். அடித்தானா என்று கேட்டார்கள், இல்லை என்றாள். குடிக்கிறானா, இல்லை. வேறு யாராவது பொம்பளை? இல்லை.

அடுத்த வாரமே மாமா வந்தார். நல்ல மனிதர் என்று ஊரில் பேரெடுத்தவர். குரலை உயர்த்தவே மாட்டார். எங்களுக்குக் கொடுக்கப் பெரிய பெரிய களி நண்டாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார், எனக்கு ஒரு சிவப்பு ரிப்பன். கையைக் கட்டிக்கொண்டு நைனா எதிரில் உட்கார்ந்தார்.

"கை நீட்டினேனானு கேளு மச்சான். ஒரு சொட்டு குடிச்சேனானு கேளு. நான் இன்னா கொற வெச்சேன்?"

நைனா அத்தையைத் திரும்பிப் பார்த்தார். அத்தை பின்வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மாமாவை ரொம்பப் பிடித்திருந்தது. ரிப்பனும் ஒரு காரணம்.

அப்புறம் ஊர்க்கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று முடிவானது. மழை விட்டதும் மாமா தன் ஊர்ப் பெரியவர்களோடு வருவார். எங்கள் ஊர்த் தலைவர் இருபுறமும் கேட்டுச் சொல்லுவார். தலைவர் 'போ' என்றால் அத்தை போயாக வேண்டும். போகாவிட்டால் நைனாவை ஊரிலிருந்து தள்ளி வைப்பார்கள், அவருக்கு ஏரியில் வலை கட்டும் முறை கிடையாது. கூட்டத்தில் பொம்பளைகள் வாய் திறக்கிற வழக்கமும் அப்போது இல்லை. அத்தைக்காக நைனாதான் பேச வேண்டும். நைனாவுக்குச் சொல்ல என்ன இருந்தது? புடிக்கலையாம்.

அம்மாவுக்கு அத்தை மேல் ஏகப்பட்ட எரிச்சல். இருக்கிற சோற்றில் இன்னொரு வாய் என்பதற்காக இல்லை. அத்தைக்கு ஒரு பழக்கம் இருந்தது. எங்கள் வீட்டு மூலையில் அரிசி போட்டு வைக்கும் தகர டிரம் ஒன்று இருக்கும். அத்தை போகும்போதும் வரும்போதும் அதன் மூடியைத் தூக்கிப் பார்ப்பாள். எடுக்க மாட்டாள். கையை உள்ளே விட்டு அரிசியை லேசாகக் கிளறிவிட்டு மூடிவிடுவாள். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை.

"நம்மூட்ல எவ்ளோ அரிசி கீதுனு நோட்டம் பாக்கறா உங்க அத்த. மகாராணி வூட்லருந்து வந்தவ பாரு" என்று என்னிடம்தான் அம்மா புலம்புவாள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். அத்தைக்கு எங்கள் வீடு ஏழை வீடாகத் தெரிகிறது என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

இந்த நிலைமையில்தான் படம் வந்தது. மழையில் அடைந்து கிடந்து ஊரே சிடுசிடுவென்று ஆகிவிட்டதால், தலைவர் மீஞ்சூருக்கு ஆளனுப்பி டிவியும் டெக்கும் வாடகைக்குச் சொன்னார். "இருக்கறதுலயே பெரிய படமா கொண்டாரச் சொல்லு. குடுக்கற காசுக்கு நாயமா இருக்கணும்" என்றாராம். டெக்குக்காரர் அந்த நாலரை மணி நேரப் படத்தை மூன்று கேசட்டாகக் கொண்டுவந்தார். டிவியைக் கல்யாணப் பெண்ணைப் போலத் தார்ப்பாயில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். மறுநாள் திருப்பாலைவனத்தில் ஒரு காதுகுத்துக்குப் போக வேண்டுமாம். எங்களுக்கு ஒரே ஒரு பகல்தான்.

வழக்கமாக டிவியைக் கோயில் எதிரில் வெட்டவெளியில் வைத்து ஊரே உட்கார்ந்து பார்க்கும். மழையில் அது நடக்காது. தலைவரின் மாடி கட்டிய மெத்தை வீட்டுக் கூடம் ஒன்றுதான் ஒழுகாத இடம். அதில் ஊரில் மூன்றில் ஒரு பங்குதான் நெருக்கி உட்காரலாம். யார் உட்காருவது என்று வாசலிலேயே சண்டை மூண்டது. குடைகள் மோதின.

எங்கள் ஏரியைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஏரியில் இறால் ஓடுகிற நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் வெட்டுக்குத்துதான். அதனால் பாடு என்று ஒரு முறை. ஆட்களைப் பங்காகப் பிரித்து, சீட்டுப் போட்டு, இன்றைக்கு இவர்கள், நாளைக்கு அவர்கள் என்று நல்ல இடத்தை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்வார்கள். தன் பாடு இல்லாத நாளில், கண்ணெதிரே இறால் துள்ளினாலும் ஒருத்தன் அங்கே வலை போட மாட்டான். கல்யாணமான ஆணுக்குத்தான் பாடு. பொம்பளைகள் புருஷன் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். எந்தச் சண்டை வந்தாலும் எங்கள் ஆட்களுக்குத் தோன்றுகிற ஒரே வழி இதுதான்.

தலைவர் மெத்தைப் படியில் ஏறி நின்று கையைத் தூக்கினார்.

"கத்தாதீங்க. படத்துக்கும் பாடு போட்டுருவோம். மூணு தெரு, மூணு கேசட்டு. சீட்டு எடுக்கலாம்."

டெக்குக்காரர் பதறிப்போனார். "அண்ணே, இது ஒரே கதைண்ணே. மொத கேசட்டு பாத்தவனுக்கு முடிவு தெரியாது. முடிவு பாத்தவனுக்கு ஆரம்பம் தெரியாது."

"ஏரி கூட ஒரே ஏரிதான்யா. எவனாவது முழுசும் அள்றானா?"

ஊர் முழுக்க "அதான் கரீட்டு" என்று சொன்னது. நீங்கள் சிரிப்பீர்கள். அன்றைக்கு ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுச் சொம்பிலிருந்து சீட்டு எடுக்கச் சொன்னார்கள். நடுத்தெருவுக்கு முதல் கேசட். தெற்குத் தெருவான எங்களுக்கு இரண்டாவது. தலைவரின் வடக்குத் தெருவுக்குக் கடைசி. அன்றைக்கு ஏரியில் எங்கள் தெரு ஆம்பளைகளுக்குப் பாடு இருந்ததால் அவர்கள் வலைக்குப் போய்விட்டார்கள். ஆக, நடுக்கதையைப் பார்த்தது எங்கள் தெருப் பொம்பளைகளும் பிள்ளைகளும் மட்டும்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தைக்கு எங்கேயும் இடமில்லை. "அதோட கணக்கு புருசன் ஊர்லதானே கீது" என்று யாரோ சொன்னார்கள். நாள் முழுக்க வருகிறவர்களுக்கெல்லாம் டீ போட ஆள் வேண்டியிருந்தது. தலைவர் சம்சாரத்துக்குத் தன் தெருவின் பாடு வரும்போது அடுப்படியில் நிற்க மனமில்லை. "நீ போட்டுடுமா" என்று அத்தையை உள்ளே அனுப்பிவிட்டார்கள். கூடத்துக்குப் புகை வரக்கூடாது என்று சமையல்கட்டுக் கதவையும் சாத்திவிட்டார்கள்.

ஜன்னல்களைப் பழைய கட்டுமரப் பாய்களால் மறைத்துக் கூடத்தை இருட்டாக்கியிருந்தார்கள். பாய்களில் உப்பு வாடை. நடுத்தெருக்காரர்கள் பார்த்து முடித்து முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தார்கள். பாட்டாம், கல்யாணமாம், கொலுசாம். அப்புறம் நாங்கள் போனோம். தலைவர் சொந்த வீட்டை விட்டு வெளியே போய், எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் பாடு வராமல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அதில் அவர் கறார்.

எங்கள் கேசட்டில் பாட்டே இல்லை. பெரிய மிராசுதார் வீடு. அதில் ஒரு பொண்டாட்டி. புருஷன் அதிகம் பேச மாட்டான். அவள் ஜன்னலில் நின்றால் வந்து ஜன்னலைச் சாத்துவான். தெருவில் போகிறவனோடு பேசினாயா என்று அமைதியாகக் கேட்பான். அவள் அப்பா செத்த சேதி வந்தபோதும் அனுப்பவில்லை. சுவர்க் கடிகாரம் ஒன்றைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். கரண்ட் குறைவாக வந்ததால் எல்லார் மூஞ்சியும் பச்சையாகத் தெரிந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு அதில் என்ன இருக்கிறது? அம்மா மடியில் தலை வைத்துப் படுத்தேன். கண்ணைச் சொக்கியது. கரண்ட் போய் எல்லாரும் "அய்யய்யோ" என்றபோது விழித்துக்கொண்டேன்.

கடைசிக் கேசட் பார்த்த வடக்குத் தெருக்காரர்கள் அழுதுகொண்டே வந்தார்கள். தலைவரின் கண்ணே சிவந்திருந்தது. அந்தப் பொண்டாட்டி பட்டணத்துக்கு ஓடிப்போய் மேடையில் பாடுகிறாளாம். புருஷன் காச நோயோடு மழையில் தெருத் தெருவாக அவளைத் தேடுகிறானாம். கடைசியில் அவள் வாசலிலேயே விழுந்து உயிரை விடுகிறானாம்.

மறுநாள் டெக்கு போய்விட்டது. சண்டை போகவில்லை. "அவ்ளோ நல்லவன உட்டுட்டுப் போனாளே, அவ பொம்பளையா?" என்றது வடக்குத் தெரு. "கொலுசு வாங்கி தன் கையால போட்டு உட்டான்யா" என்றது நடுத்தெரு. எங்கள் தெருப் பொம்பளைகளுக்கு அவன் செத்ததில் வருத்தமே இல்லை. "சாவட்டும்" என்றார்கள். அவர்களுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று மற்ற இரண்டு தெருவும் பேசிக்கொண்டன. குழாயடியில், கோயிலடியில் எங்கே பார்த்தாலும் இதே பேச்சு. சொல்லச் சொல்ல பேச்சு மெல்ல அத்தை பக்கம் திரும்பும். யாரும் அவளைக் குறிப்பிட மாட்டார்கள். "நல்ல புருசன உட்டுட்டு வர்றவளுக்கெல்லாம்" என்று ஆரம்பித்து, எங்களைப் பார்த்ததும் நிறுத்திக்கொள்வார்கள். கூட்டத்தில் என்ன நடக்கும் என்று நைனாவுக்குத் தெரிந்துவிட்டது. அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்போதுதான் ஒரு விஷயம் வெளியே வந்தது. முழுப் படமும் கிடைத்தது ஊரில் ஒரே ஒருத்திக்குத்தான். அத்தைக்கு. பார்க்கவில்லை, கதவுக்கு அந்தப் பக்கம் நின்று காதால் கேட்டாள். மூன்று கேசட்டும்.

முதலில் என்னிடம்தான் ஆரம்பித்தாள். "அந்தப் பொண்ணு எப்டி இருந்தா? செவப்பா கறுப்பா?" என்றாள். பச்சை என்றேன். "அப்பா செத்தப்ப இன்னா பொடவ கட்டியிருந்தா?" அதுவும் பச்சை என்றேன். "ஓகோ" என்று மனதில் வாங்கிக்கொண்டாள்.

மழை கொஞ்சம் ஓய்ந்த பகல்களில் எங்கள் வீட்டுப் பின்னால் கீற்றுச் சார்ப்பில் அத்தை இறால் உரித்துக்கொண்டு உட்காருவாள். பக்கத்து வீட்டுக்காரிகள் தங்கள் இறாலையும் அன்னக்கூடையில் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். "மொதல்ல இன்னாதான் ஆச்சி, சொல்லேன்" என்பார்கள். அத்தை சொல்லுவாள். காதால் கேட்டவள் அல்லவா, எல்லாம் சத்தமாகவே இருக்கும். "கொலுசு சத்தம் தடதடனு வந்துச்சி. அப்பால நின்னு போச்சி. கதவு மூணு தபா சாத்திச்சி. மூணாவது தபா மெதுவா." மூன்று சத்தத்திலேயே எனக்கு உடம்பு சிலிர்க்கும். நான் கண்ணால் பார்த்த கேசட்டே அத்தை சொல்லும்போதுதான் புரிந்தது. நடுத்தெருவிலிருந்தும் வடக்குத் தெருவிலிருந்தும் பொம்பளைகள் வந்தார்கள். அப்புறம் வலை கிழிந்திருக்கிறது என்ற சாக்கில் ஆம்பளைகளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தைத்தார்கள். ஒரு மதியத்தில் முடியாது. மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். யாரும் அவசரப்படுத்தியதில்லை.

ஒருநாள் தலைவரே வந்துவிட்டார். வாக்குவாதத்தில் எங்கள் தெருவை ஜெயிக்க நடுக்கதை அவருக்கு வேண்டியிருந்தது. கவிழ்த்துப் போட்டிருந்த மரக்காலை நிமிர்த்தாமல் அதன் மேலேயே உட்கார்ந்தார்.

"அந்த ரெண்டாவது கேசட்டுல அப்டி இன்னாதான் பண்ணிட்டான் அவன்? அடிச்சானா?"

"அடிக்கல."

"குடிச்சானா?"

"இல்ல."

"அப்பால?"

அத்தை இறாலின் தலையைக் கிள்ளிப் போட்டாள். நிமிரவில்லை. ஜன்னல் சாத்தியதைச் சொன்னாள். அப்பா சாவுக்கு அனுப்பாததைச் சொன்னாள். பிறகு அதே குரலில் சொன்னாள்.

"அரிசி டிரம்முக்கு பூட்டு போட்டான். காலைல ஒரு ஆழாக்கு அளந்து வெளிய வெச்சிட்டு, சாவிய இடுப்புல சொருவிக்கினு ஏரிக்குப் போயிடுவான். அவன் வந்து துன்னது போக மிச்சம் இருந்தாதான் அவளுக்கு. பக்கத்து வூட்ல கேக்கக் கூடாது, கேட்டா மானம் பூடும். பூட்டு தொறக்கற சத்தம் கேட்டாவே அவளுக்கு வாய்ல தண்ணி ஊறும். நாய் மாதிரி ஆயிட்டேன்னு அவளே சொல்லுவா."

கீற்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

தலைவர் மெதுவாகக் கேட்டார். "மிராசுதாரு ஆச்சேம்மா. அவன் எதுக்கு ஏரிக்குப் போறான்?"

"கழனிக்கு" என்றாள் அத்தை. "வாய் தவறிப் போச்சி."

தலைவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுற்றி உட்கார்ந்திருந்த எங்கள் தெருப் பொம்பளைகள் பக்கம் திரும்பினார்.

"நீங்க எல்லாம் அந்தக் கேசட்டு பாத்தவங்கதானே. பூட்டு போட்டது வந்துச்சா?"

ஒரு நொடி எல்லார் கையும் நின்றது. அம்மாதான் முதலில் பேசினாள். அத்தையைப் பற்றி மூன்று வாரமாக மூச்சுக்கு மூச்சு புலம்பிக்கொண்டிருந்த அம்மா.

"வந்துச்சி. நான் பாத்தேன்."

"ஆமா, வந்துச்சி" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "பெரிய பூட்டு" என்றாள் இன்னொருத்தி. வரிசையாக எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் ஞாபகம் வரவில்லை. தலைவர் போனதும் அம்மாவிடம் கேட்டேன்.

"எனுக்கு அந்த சீனு தெரியலியேம்மா."

"நீ தூங்கிக்கினு இருந்தே" என்றாள் அம்மா. அத்தோடு எழுந்து உள்ளே போய், அன்றைக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாக உலை வைத்தாள். அத்தைக்கு முதலில் பரிமாறினாள். நான் அதைப் பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை.

மழை விட்டது. கோயில் எதிரில் ஈர மணலில் கூட்டம் கூடியது. மாமா வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். அத்தை பொம்பளைகளோடு தூரத்தில், வாழைக்குப் பக்கத்தில் நின்றாள். அம்மா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அத்தையை அனுப்பிவிடக் கூடாது என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக நினைத்தேன். அவள் போய்விட்டால் கதை சொல்ல ஆளிருக்காது என்பதுதான் என் கவலை.

மாமா அதே பேச்சைப் பேசினார். கை நீட்டினேனா, குடித்தேனா. அதே மென்மையான குரல். அவர் ஊர்க்காரர்கள் தலையாட்டினார்கள், எங்கள் ஊரிலும் பாதிப் பேர் தலையாட்டினார்கள். நைனா எழுந்தார், வாயைத் திறந்தார், உட்கார்ந்துவிட்டார்.

தலைவர் வெற்றிலையை மென்று துப்பிவிட்டுக் கேட்டார்.

"எல்லாம் சரி மாப்ள. உன் வூட்ல அரிசி டிரம்முக்கு பூட்டு கீதா?"

மாமா இதை எதிர்பார்க்கவில்லை. அடிதடி பற்றிக் கேட்டால் பதில் வைத்திருந்தார். பூட்டுக்கு வைத்திருக்கவில்லை.

"கீது" என்றார். "எலித் தொல்ல."

யாரோ சிரித்தார்கள். எங்கள் குப்பத்தில் வாசல் கதவுக்கே பூட்டுக் கிடையாது. தலைவர் சிரிக்கவில்லை.

"எலி மூடிய தொறந்து சாப்புடும்னு பூட்டு போட்டே. சரி. சாவி எங்க கீது?"

மாமாவின் வலது கை தானாக இடுப்புக்குப் போய், அரைஞாண் பக்கம் வேட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு இறங்கியது. ஏரியைக் கடந்து, மாமனார் ஊருக்கு நியாயம் கேட்க வந்த இடத்துக்கும் அந்தச் சாவியைக் கொண்டுவந்திருந்தார். வீட்டில் இப்போது அந்த அரிசியைத் தின்ன யாருமே இல்லை. கூட்டம் பூராவும் அந்தக் கையைப் பார்த்தது. அவர் ஊர்ப் பெரியவர் ஒருத்தர் கண்ணை மூடிக்கொண்டார்.

"எங்க பொண்ணு இங்கயே இருக்கட்டும்" என்றார் தலைவர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அத்தை அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. வீட்டுக்கு வந்து டிரம் மூடியைத் திறந்து பார்த்தாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

ஊரில் அப்புறம் ஒரே பேச்சு, அந்தப் படம் வந்த நேரம் நல்ல நேரம் என்று. படத்தில் அந்த சீன் வந்ததால்தான் தலைவருக்குக் கேட்கத் தோன்றியது, இல்லையென்றால் பாவம் அந்தப் பெண் திரும்பிப் போயிருக்கும் என்றார்கள். நானும் அப்படியே நம்பினேன். சினிமாவால் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று யாராவது ஆரம்பித்தால், எங்கள் அத்தைக்கு வாழ்க்கை கொடுத்ததே சினிமாதான் என்று அடித்துப் பேசியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில், கல்யாணமாகிப் போன மீஞ்சூரில், ரயிலில் கூட வருகிற பொம்பளைகளிடம், எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அத்தை பழவேற்காட்டு பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை வைத்தாள். அவள் கடையில் பசி என்று வந்து நின்றவர்களைக் கையில் என்ன இருக்கிறது என்று கேட்டதே இல்லை. வேறு கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாள். தலைவர் போய்ச் சேர்ந்தார், நைனா போனார், ஐந்து வருஷத்துக்கு முன் அம்மாவும் போனாள். அம்மா கடைசியாகப் படுத்திருந்தபோது ஊட்டிவிட்டது அத்தைதான்.

போன மாதம் அத்தைக்குக் கண் ஆபரேஷன். அடுப்புப் பக்கம் போகக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், மீஞ்சூரில் என் வீட்டில் கொண்டுவந்து உட்கார வைத்தேன். சும்மா இருக்க மாட்டாளே. அவளுக்குப் பொழுது போகட்டும் என்று மகனிடம் அந்தப் படத்தைத் தேடச் சொன்னேன். வெட்டாத முழுப் படமும் கிடைத்தது. போனிலிருந்து டிவிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, "நாலரை மணி நேரமா? நீங்களே பாருங்க" என்று ஓடிவிட்டான்.

கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அத்தை உட்கார்ந்தாள். எனக்கும் முதல் கேசட் புதுசு, கடைசிக் கேசட் புதுசு. கல்யாணம் வந்தது. அலங்காரப் படகில் புருஷன் துடுப்புப் போடுகிற லட்சணத்தைப் பார்த்து அத்தை சிரித்த சிரிப்பில் கண்ணாடியே கழன்றது. அவன் ஆரம்பத்தில் நிஜமாகவே நல்லவன்தான். நடுத்தெருக்காரர்கள் பொய் சொல்லவில்லை. கொலுசு போட்டபோது எனக்கே மனசு இளகியது. பிறகு மிராசுதார் வீடு வந்தது. "இப்ப மூணு தபா கதவு சாத்தும் பாரு" என்றாள் அத்தை. சாத்தியது. அப்பா செத்த சேதி வந்தது.

"பச்சைனு சொன்னியேடி. செவப்புப் பொடவையில்ல கட்டிக்கினு கீறா."

"அன்னிக்கு கரண்டு கம்மி அத்த."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சின்ன வயதில் தூங்கிக் கோட்டைவிட்ட சீனை இந்தத் தடவை விடக்கூடாது. கடிகாரம் வந்தது. ஜன்னல் வந்தது. சமையல்காரன் வந்தான், பெரிய அண்டாவில் சோறு வெந்தது, வேலைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்த வீட்டில் வருகிறவன் போகிறவனெல்லாம் தின்றான். பூட்டு மட்டும் வரவே இல்லை. ஒருவேளை பின்னால் வருமோ என்று காத்திருந்தேன். மேடையில் பாடினாள், அவன் மழையில் தேடினான், வாசலில் விழுந்தான். தலைவர் அழுதது நியாயம்தான், நானும் அழுதேன். பெயர்கள் ஓடத் தொடங்கின. பூட்டு வரவில்லை.

ஒரு படத்தில் ஒன்று இருக்கிறது என்று சொல்ல ஒரு துண்டு பார்த்தால் போதும். ஒன்று இல்லை என்று சொல்ல முழுசும் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். நீளப் படத்துக்கு நான் வக்காலத்து வாங்குவது இதற்குத்தான். என் மகனைப் போலத் தள்ளித் தள்ளிப் பார்த்திருந்தால், தள்ளிய இடத்தில் பூட்டு இருந்திருக்கும் என்று சாகும்வரை நம்பிக்கொண்டிருப்பேன்.

நான் அன்றைக்கு அவ்வளவு நேரம் தூங்கவும் இல்லை. கரண்ட் போனதுகூட ஞாபகம் இருக்கிறதே. கீற்றுச் சார்ப்பின் கீழ் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு முகமாக ஞாபகத்தில் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி, "பெரிய பூட்டு" என்றவள், தலையாட்டிய மற்றவர்கள். அத்தனை பேரும் அந்தக் கேசட்டைக் கண் கொட்டாமல் பார்த்தவர்கள். அத்தனை பேருக்கும் தெரியும். இத்தனை வருஷத்தில் ஒருத்தி வாயிலிருந்தும் அது வெளியே வரவில்லை. அம்மா என்னிடம்கூடச் சொல்லாமல் போய்விட்டாள்.

அத்தை பக்கம் திரும்பினேன்.

"அத்த. அந்தப் பூட்டு சீனு வரவே இல்லியே."

அத்தை கருப்புக் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"எனுக்கு இன்னாடி தெரியும்? நான் உள்ள டீ போட்டுக்கினு இருந்தேன். பாத்தவ உங்கம்மா. அவ வந்துச்சின்னு சொன்னா, வந்துச்சி."